பதினேழு வெற்றுக் கட்டங்கள்

அங்கே மாலை ஆறு மணி.
இங்கே, பெத்சுகாயில், பின்னிரவு மூன்று.
ஸ்காட்லாந்தில் பேராசிரியர் கையில் ஆவி பறக்கிற கோப்பை.
என் வண்டிக் கண்ணாடியில்
துடைப்பான் தள்ளித் தள்ளி அலுத்துப்போன பனி.

குமாகாயின் தொழுவத்துக்கு வெளியே
எஞ்சினை அணைக்காமல் காத்திருக்கிறேன்.
என் மடியில் கணினி.
உள்ளே, மடி வீங்கிய ஒரு பசு.

"நம்பிக்கை இடைவெளி" என்கிறார் பேராசிரியர்,
தொண்ணூற்றைந்து விழுக்காடு.
ஒரு கோட்டின் இரு பக்கமும் நிழல் விழுகிறது.
கோடு உறைந்து நிற்கிறது.
அவர் வாயும் திறந்தபடி நிற்கிறது.
அலைவரிசைக்கும் குளிர்தான்.

கண்ணாடியில் விரல்முட்டி தட்டுகிறது.
"சென்செய்."
இந்த ஊரில் மருத்துவருக்கும் ஆசிரியருக்கும்
ஒரே விளிதான்.
காதில் ஒரு சென்செய்யை வைத்துக்கொண்டு
இன்னொரு சென்செய்யாக இறங்கினேன்.
வகுப்பில் என் பெயர் மட்டும்
கறுப்புச் சதுரத்துக்குள் சமத்தாக உட்கார்ந்திருக்கும்.

வெளியே முழங்கால் வரை பனி.
கை நுழைந்த இடத்தில் பனிக்குடம் உடைந்து
ஒரு மணி நேரமாகிவிட்டது.
இரண்டு கால்கள் இருக்கின்றன, தலை இல்லை.
தலை விலாப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறது,
அலாரம் கேட்காத பிள்ளை மாதிரி.
பசு முக்கும்போது
தோள் வரைக்கும் என் எலும்பை எண்ணிப் பார்க்கிறது.
ஆனாலும் சொல்கிறேன்,
விறைத்த விரல்களுக்கு இந்த மாவட்டத்தில்
இதைவிட வெதுவெதுப்பான இடம் கிடையாது.

தாடைக்கடியில் விரலைக் கொடுத்து,
தள்ளி, விட்டு, மறுபடி தள்ளி,
கயிற்றைக் குமாகாயிடம் கொடுத்தேன்.
வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது.
மூக்குக்குள் வைக்கோல் நுழைத்தேன்.
தும்மல்.
கிடேரி.

மேல் உத்தரத்தில் குமாகாய்
சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தார்: 4.12.
"இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன் சென்செய்,
உங்கள் படிப்புக்கு."

இரண்டு குளிர்காலமாக அவரை நச்சரித்தவள் நான்தான்:
எத்தனை மணிக்குப் பிறந்தது,
எத்தனை மணிக்குச் சீம்பால் குடித்தது.
இருநூற்றுப் பன்னிரண்டு கன்றுகள்,
பிழைத்தால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம்.
பூஜ்யங்களில் ஒன்று இதே தொழுவத்துடையது.
அந்த டிசம்பர் காலையில் இருவரும்
பார்லி டீ குடித்தோம், ஒன்றும் பேசவில்லை.
நாற்பத்து மூன்று வயதில் எதற்கு முதுநிலைப் பட்டம்
என்று கிளினிக்கில் கேட்பவர்களுக்கு
அந்த டீயைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை.

தரவு சேகரிப்பு பிப்ரவரி இருபத்தெட்டோடு முடிந்தது.
இன்று மார்ச் ஆறு.
தன் காலை எங்கே ஊன்றுவதென்று தெரியாமல்
நாலாபக்கமும் பரப்பி நிற்கிற இவள்
என் அட்டவணையில் எந்த வரிசையிலும் வரமாட்டாள்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
கையுறைப் பெட்டியின் ஓரத்தில்
4.12 என்று நானும் எழுதிக்கொண்டேன்.

வண்டிக்குள் வகுப்பு முடிந்திருந்தது.
மேற்பார்வையாளர் மொராக் ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தார்:
அன்புள்ள ஓரியே,
பதினேழு வரிசைகளில் பிறந்த நேரம் காலியாக உள்ளது.
விடுபட்டதன் காரணத்தை ஒரு பத்தியில் விளக்கவும்.

பணிச்சுமை, என்று தட்டினேன். அழித்தேன்.
ஆள் பற்றாக்குறை. அதுவும் பொய்யில்லை; அழித்தேன்.
சாலையைக் கடந்த மான் ஒன்று
விளக்கொளியில் நின்று என்னைப் பார்த்தது,
திருத்தி முடிக்கட்டும் என்பதுபோல.

"அந்தப் பதினேழு தடவையும்
தரவு சேகரிப்பவரின் இரு கைகளும்
உள்ளே இருந்தன."

அனுப்பிவிட்டேன். இது பத்தி ஆகாது,
மதிப்பெண் குறையலாம்.
எட்டரைக்குக் கிளினிக்.
விசைப்பலகையில் ஏதோ காய்ந்து
ஒரு எழுத்து மட்டும் அமுங்கினால் எழுந்திருப்பதில்லை.