ஓடத் தேவையில்லாத மோட்டர்

"ஓடத் தேவையில்லை அண்ணை,
பாக்க வடிவா இருந்தாக் காணும்" என்றான் கேதாரன்.
நல்லூர்ப் பக்கம் கட்டும் விடுதியில்
வரவேற்பு மேசைக்குப் பின்சுவரில்
இதை மாட்டி, மஞ்சள் லைட் போடப்போகிறானாம்.
நீலப் பெயின்ற், ஒரு கோட் வார்னிஷ்.
அச்சவாரம் ஐயாயிரம்.

முச்சக்கர வண்டியில் சாரம் சுற்றிக் கிடந்தது,
காய்ச்சல்காரனை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோவதுபோல.
பதினைந்து குதிரை. இரண்டு சிலிண்டர்.
மயிலிட்டியில் கிணறு இறைத்தபோது வந்ததாம்.
இலக்கத் தகடு இருந்த இடத்தில்
உளி கொத்திய தழும்பு.
யார் கொத்தியது, யாருக்குப் பயந்து என்று
நான் கேட்கவில்லை. அவனுக்கும் தெரியாது.

பெயின்ற் அடிப்பதென்றால் கவரைக் கழற்ற வேண்டும்.
கவரைக் கழற்றினால் பிளக் தெரியும்.
பிளக் தெரிந்தால் கை சும்மா இருக்குமா?

முதல் நாள் ஒரு நட்டும் அசையவில்லை.
மண்ணெண்ணெயும் பிரேக் ஒயிலும் கலந்து ஊற்றி
சாக்கால் மூடிவிட்டுப் படுத்தேன்.
அடுத்த நாள் துடைத்து,
சில்வெஸ்ரரிடம் காஸ் ரோச் இரவல் வாங்கி
சூடு காட்டி, தட்டி, சூடு காட்டி,
ஒரு போல்ட் கீச்சென்றது.
அது போதும். மற்றவை அதைப் பார்த்துப் பழகின.
மூன்று மட்டும் தலை முறிந்து உள்ளே நின்றன.

நல்லதண்ணிக் கிணறு, அதுதான் பிழைத்தது.
கடலில் போட்டிருந்தால் அலுமினியம்
ஊறின பாணாய் உதிர்ந்திருக்கும்.

பிஸ்ரன் தலையில் கரி, விரல் தடிப்பில்.
பெற்றோலைக் கண்ணுக்கு மருந்து விடுவதுபோல்
இரண்டு சொட்டு விட்டு இழுத்து,
மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடிய கரி.
சியர் பின் இருக்கவேண்டிய இடத்தில்
அளவாய் வெட்டிய ஆணி.
இம்பெல்லரில் இரண்டு இதழ்.
காபரேட்டரில் காஸ்கற்
அப்பியாசக் கொப்பி மட்டையில் வெட்டியது.
கத்திக் கூரால் மெல்லப் பெயர்த்தேன்.
எண்ணெய் குடித்துக் கண்ணாடிபோலிருந்தது.
"பெயர்" என்ற அச்செழுத்து, இரண்டு புள்ளி,
பிறகு நேரே ஓட்டை,
காற்றும் எண்ணெயும் கலந்து போகிற ஓட்டை.
கீழே "ஆண்டு: 7 ஆ", சாய்ந்த கையெழுத்து.

வெட்டியவன் கெட்டிக்காரன்.
ஒரு நூல் பிசகவில்லை.
குப்பி விளக்கில், அவசரத்தில்,
பிள்ளையைக் கேட்காமல் எடுத்திருப்பான்.
விடிய அந்தப் பிள்ளை வகுப்பில் அடி வாங்கியிருக்கும்.

கடைப் பேப்பரில் நான் வெட்டியது
அவனளவு சுத்தமாய் வரவில்லை.
றிங் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது.
இம்பெல்லர் வேறு கம்பனிக்காரனுடையது,
ஓரத்தைச் சீவிப் பொருத்தினேன்.
கொண்டென்சருக்கு என் மோட்டர்சைக்கிளை நோகடித்தேன்.
அச்சவாரம் எப்போதோ முடிந்துவிட்டது.

ஞாயிறு, பூசை முடிந்து சனம் வீடு வந்த நேரம்,
பீப்பாவில் தண்ணீர் நிரப்பி
பலகை கட்டித் தொங்கவிட்டு
கயிறு இழுத்தேன்.
இருபது வரை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை, பேசினேன்,
பூசைக்குப் போய்வந்த வாய் பேசக்கூடாத பேச்சு.
ஒருமுறை தும்மியது.
ஒருமுறை கயிற்றைப் பறித்து முழங்கையில் அடித்தது.
பிறகு பிடித்தது.

பிடித்ததென்றால்,
பீப்பாத் தண்ணீர் பாதி வெளியே,
முற்றம் முழுக்கப் புகை,
பிலோமினா அக்காவின் கொடியில் கிடந்த வெள்ளைச் சீலை
இனி வெள்ளையில்லை.
மதிலுக்கு மேலால் அவ ஏசியது
எனக்குக் கேட்கவேயில்லை,
வாய் அசைந்ததைக் கண்டேன்.
பின்துவாரத்தில் தண்ணீர் பீச்சியது,
சிறுபிள்ளை மூத்திரம்போல், மெல்லிசாய், விடாமல்.
கை வைத்தேன். இளஞ்சூடு.

திங்கள் நீலம் அடித்தேன். செவ்வாய் வார்னிஷ்.
பில்லில் "பெயின்ற் வேலை" என்று மட்டும் எழுதினேன்.

கேதாரன் தடவிப் பார்த்து "அந்தமாதிரி" என்றான்.
"தம்பி, கயித்தில ஒருத்தரையும் கை வைக்க விடாதையும்.
ஒரு மட்டை எழுதித் தொங்கவிடும்."
"ஏன் அண்ணை, அறுந்துபோமோ?"
"இல்லை, ஓடும்."
பகிடி என்று நினைத்துச் சிரித்தான்.

வண்டி பாசையூர் ஒழுங்கை திரும்பின பிறகுதான்
ஆணியை மாற்ற மறந்தது நினைவு வந்தது.
போகட்டும்.
அவன் அளவாய்த்தான் வெட்டியிருந்தான்.