ஒட்டுப்போட்டது நான்தான்

மொண்டெவிடியோவில் ஆகஸ்ட்.
ஆற்றுக் காற்று ஜன்னல் சட்டத்தைக் கடிக்கிறது.
வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கியபடி
நிபியா கேட்டாள்:
"ஏபெர், மூடியே இருந்த பானையில்
தண்ணீர் எப்படிக் குறைந்தது?"

பானை என்றது ஒரு கொழுப்புக் குமிழியை.
தலைமுடித் தடிமனில் பாதிகூட இராது.
சுற்றிலும் திரவத்தைத் தேன்போல் கெட்டியாக்கி,
சாயம் ஏற்றி, லேசர் காட்டி,
அரை நொடிக்கு ஒன்றாய்
அறுநூறு படம் எடுத்திருந்தோம்.
திரையில் வளையம் எப்போதும் முழுசு.
வரைபடத்தில் ஆரமோ
முழங்கால் வலிக்காரர் மாடி இறங்குவதுபோல
நின்று, சட்டென்று ஒரு படி,
மறுபடி நின்று.

ஒன்று சொல்லிவிட வேண்டும்.
சவ்வின் கனம் ஐந்து நானோமீட்டர்.
வெளிச்சத்துக்குத் தடித்த விரல்கள்,
எதைத் தொட்டாலும் ஐம்பது மடங்கு
ஊதித்தான் காட்டும்.
நாங்கள் பார்ப்பது சவ்வை அல்ல,
சவ்வு இருந்த இடத்தில்
வெளிச்சம் தடுமாறியதை.
அந்தத் தடுமாற்றத்தின் நடுவில்
கோடு கிழிப்பது என் உத்தியோகம்.

சாய மூலக்கூறுகள் சவ்வில்
ஆணியடித்தாற்போல் நிற்கும்.
லேசர் அதிரும் திசையில் நிற்பவை எரியும்,
குறுக்கே நிற்பவை வாய் திறக்காது.
அதனால் வளையத்தின் உச்சியிலும் அடியிலும்
எந்நேரமும் ஒரு மங்கல்.
ஓட்டைபோல் தெரியும். ஓட்டை இல்லை.
இல்லாத ஓட்டைக்கு என் நிரல்
நாளெல்லாம் அலறியதில் சலித்துப்போய்
மார்ச்சில் பன்னிரண்டு வரி எழுதினேன்:
இடைவெளி கண்டால்
இரு முனையையும் இழுத்து முடி.
எந்தப் பக்கம் என்று எழுதவில்லை.
வெள்ளிக்கிழமை அது. மழை.
கீழே யாரோ தோர்த்தா ஃப்ரித்தா
பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

நிபியா அந்த வரிகளின் முன்னால்
ஆளுக்கொரு குறியிட்டு உறங்கவைத்தாள்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் படம்.
உச்சியில் மங்கல், அடியில் மங்கல்.
கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் பக்கம்
மூன்றாவதாய் ஒன்று.
மங்கல் அல்ல,
வாய்.
அடுத்த படத்தில் அகன்றது.
அதற்கடுத்ததில்
ஏதோ சொல்ல வந்ததுபோல் இருந்தது.
பிறகு ஒடுங்கியது.
இருநூற்றுப் பதினாறில் மூடிக்கொண்டது,
தானாக,
என் உதவி இல்லாமல்.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லையாம்.
நாற்பத்தொரு குமிழிகளின் வாயை
ஐந்து மாதம் மூடி வைத்திருந்தேன்,
சுத்தமாக, தையல் தெரியாமல்.
வரிகளின் ஓரத்தில் எழுதியவர் பெயர்
தானாகவே பதிந்துவிடும்.
நிபியா அதை வாசித்திருப்பாள்.
எதுவும் சொல்லவில்லை.

ஒண்டீனாவின் சுவரொட்டி அச்சில் இருக்கிறது:
'கசிவு காணப்படவில்லை.'
இலக்கணப்படி அதில் பிழை கிடையாது.
வராந்தாவில் நின்று அழைத்தேன்.
ஐந்து மணி போயிற்று, ஆறு,
எடுத்துவிடக் கூடாதே என்று
ஒரு கணம் நினைத்தேன்.
எடுத்துவிட்டார்.

திரும்பி வந்தபோது
மாத்தே குடுக்கையை நீட்டினாள் நிபியா.
உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுக்கையில்
நன்றி என்றால் இங்கே
போதும், இனி வேண்டாம் என்று அர்த்தம்.
நான் சொல்லவில்லை.
அவள் மறுபடி வெந்நீர் ஊற்றினாள்.
பாக்கி நூற்றெண்பது கோப்புகள்.
முதல் கோப்பைத் திறந்தேன்,
தைக்காமல்.