காது கொடுத்தல்

ஜூன் பதினொன்று. பள்ளிக்கூடம் மூடியாயிற்று.
ஐவரின் அம்மா இரும்புத்தாது ஏற்றும் கப்பலில்
இருபத்திரண்டு பேருக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறாள்.
ஏரி உறையும்போதுதான் வீட்டுக்கு வருவாள்.
நான் டுலூத் நகரப் பேருந்துப் பணிமனையில்
காலை ஆறரைக்கே பிரேக் கழற்ற ஆரம்பிக்கிறவன்.
எட்டு வயதுப் பையனை
டீசல் வாடையில் உட்காரவைக்க முடியாது.
முடியும் என்கிறான் அவன்.
தினமும் சொல்கிறான்.

ஆகவே, பகல் முகாம்.
உடற்பயிற்சிக் கிளப்புகள் நடத்துகின்றனவாம்.

முதல் கிளப்பில் தரை என் முகத்தைக் காட்டியது.
குடிக்கப் பச்சையாக ஏதோ கொடுத்தார்கள்.
பாறை ஏறும் சுவர், டென்னிஸ், யோகா,
செவ்வாய்தோறும் ஒரு மணி நேரம் தலைமைப் பண்பு.
பிரெண்ட் என்கிற மேலாளர்
ஒவ்வொரு வாக்கியத்தையும் சிரித்து முடித்தார்.
நான் வைத்திருந்தது ஒரே ஒரு கேள்வி:
குளத்தில் இறங்கும்போது
அவனுடைய காதுக் கருவிகளை எங்கே வைப்பீர்கள்?
சிரிப்பு பாதி வழியில் நின்றது.
"அதுக்கு ஒரு படிவம் இருக்கும்" என்றார்.

இரண்டாவது மலிவு.
வாரத்துக்கு அறுபது டாலர் மிச்சம்.
அறுபது டாலரைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன்.
அங்கே ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார்கள்:
ஒற்றைச் செருப்பு, ஈரத் துண்டு,
யாரோ கழற்றி மறந்த பல் கிளிப்.
இன்னும் பதினான்கு தவணை பாக்கி இருக்கிற
இரண்டு காதுகளை
அதற்குள் போடலாம் என்றார்கள்.

மூன்றாவது மேட்டுத் தெருவில், பழைய கட்டடம்.
ஏ.சி. ரிப்பேர்.
கூடைப்பந்து வளையத்தில் வலை இல்லை.
வரவேற்பு மேசையில் ஆள் இல்லை.
குளோரின் வாடையே கையைப் பிடித்து அழைத்துப் போனது.
குளத்தோரம் காலை நனைத்தபடி ஒரு பெண்,
பத்தொன்பது இருக்கும்,
வாயில் சூயிங்கம், கழுத்தில் விசில். கோரின் என்றாள்.
அதே கேள்வியைக் கேட்டேன்.
எங்கே வைப்பாள் என்று அவள் சொல்லவில்லை.
"கழட்டின பிறகு அவனை எப்படிக் கூப்பிடறது?"
விசிலைத் தூக்கிப் பார்த்தாள்,
அது என்ன பொருள் என்பதுபோல.

எட்டு வருடமாக அப்பாவாக இருக்கிறேன்.
தெரியவில்லை.

காது கொடுத்துக் கேள், காது கொடுத்துக் கேள் என்று
எத்தனை தடவை அவனை அதட்டியிருப்பேன்.
காதைக் கழற்றிக் கொடுத்துவிட்டல்லவா
தண்ணீரில் இறங்குகிறான்.
கொடுக்கிறவன் அவன்.
வாங்கிக்கொள்ளத்தான்
மூன்று நாளாக ஆள் தேடி அலைகிறேன்.

இரவு அவனையே கேட்டேன்.
மக்ரோனியிலிருந்து தலை தூக்காமல்
"கப்பல் மாதிரி" என்றான்.
அம்மாவின் கப்பல் தூக்குப் பாலத்தைத் தாண்டும்போது
நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு ஊதும்.
கருவி இல்லாமலே கேட்குமாம். எங்கே என்றேன்.
கரண்டியால் விலா எலும்பைத் தட்டிக் காட்டினான்.
"தண்ணிய அப்படி அடிச்சாப் போதும்."

திங்கட்கிழமை.
பனிவண்டியை விற்ற பணம் கட்டியாயிற்று
(அவளுக்கு இன்னும் சொல்லவில்லை).
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.
ஐவர் கழற்றினான், நீட்டினான்.
கோரின் தன் மதிய உணவு டப்பாவின் மேல் தட்டைத் துடைத்து
ஒன்றை ஒன்று தொடாமல் வைத்து மூடினாள்.
அவன் குதித்தான்.
உள்ளங்கையால் தண்ணீரை ஓங்கி ஓர் அறை,
பிறகு சின்னதாய் இரண்டு.
பதினோரு தலைகளும் திரும்பின,
அவனுடையதைத் தவிர.

சட்டையோடு இடுப்பளவு இறங்கிப் போய்
மறுபடி அடித்தாள்.
திரும்பினான்.

பணிமனையில் இருபது நிமிடச் சம்பளம் பிடித்தார்கள்.
பிடிக்கட்டும்.

சாயங்காலம் காரில்
எப்படி இருந்தது என்று கேட்டேன்.
தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட
நெடுநேரம் யோசித்தான்.
"பரவாயில்ல.
பணிமனைதான் நல்லா இருக்கும்."