சட்டவிரோதக் கட்டளை

நார்வா. பிப்ரவரி. மைனஸ் பதினெட்டு.
குழந்தைகளின் சறுக்குவண்டியில் கணினியைக் கட்டி
ஆற்றோரமாக இழுத்து வந்திருக்கிறார் ஹெல்டுர்.
உடனே மின்சாரம் கொடுக்கவில்லை நான்.
குளிரில் வந்த இரும்பு வியர்க்கும்.
அது காயும்வரை அவருக்குத் தேநீர்,
எனக்கு அவர் கதை.

சின்னக் கதைதான். காது போய்விட்டது.
மனைவி தைசியா பேசுவதைக் கேட்டு
எழுத்தாக்கித் திரையில் காட்டும் நிரல் ஒன்றை
டார்ட்டுவிலிருந்து மகன் அனுப்பியிருக்கிறான்.
அவன் மடிக்கணினியில் ஓடுகிறது.
இவருடையதில் திறந்த கணமே சாகிறது,
ஒரே ஒரு வரியை விட்டுவிட்டு:
சட்டவிரோதக் கட்டளை.

"நான் என்ன குற்றம் செய்தேன்?"
தன் குரல் தனக்கே கேட்காதவரின் சத்தத்தில்
என் கடைக் கண்ணாடி அதிர்ந்தது.
ரசீதின் பின்புறம் எழுதிக் காட்டினேன்:
குற்றமில்லை. தெரியாத சொல்.
செயலிக்குப் 'புரியவில்லை' என்று சொல்ல வராது,
புரியாததைச் சட்டவிரோதம் என்றுவிடும்.
(சாம்பல் நிறக் கடவுச்சீட்டோடு
எத்தனையோ சன்னல்களின் முன் நின்றவள் நான்.
அதை எழுதவில்லை.)

மூடியைக் கழற்றினால் பூனை மயிர்.
ஊதிவிட்டு, செயலியின் திறன்களை
வரிசையாகத் திரைக்கு வரவழைத்தேன்.
சந்தைக்குப் போகும் பேருந்துபோல்
நெருக்கியடித்து நிற்கும் சுருக்கெழுத்துகள்.
விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனேன்.
நான்கு எண்களை ஒரே மிடறில் விழுங்கும்; சரி.
நிரல் கேட்பதோ எட்டு.
எட்டுக்கான அந்த மூன்றெழுத்து இல்லை.
மறுபடி முதலிலிருந்து.
இல்லை.

"வேறு செயலி மாட்டு."
என் இழுப்பறையில் இருக்கிறது ஒன்று,
எட்டையும் விழுங்கும்.
எடுத்து அவர் பலகையின் குழிக்கு மேலே பிடித்தேன்.
அதே சதுரம். அடியில் அதே பொன்.
ஓரத்து வெட்டு மட்டும்
ஒரு நகக்கண் அளவு தள்ளி.
அழுத்தினால் உட்கார்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள்தான்
எனக்குச் சோறு போடுகிறார்கள்;
வளைந்த ஊசி நிமிர்த்த, ஒன்றுக்கு இரண்டு யூரோ.
இந்தக் குழிக்கென்று செய்த எந்தச் செயலிக்கும்
அந்தச் சொல் தெரியாது.
குழியை மாற்றினால் பலகை மாறும்,
பலகை மாறினால் நினைவகம்.
ஹெல்டுரின் ஓய்வூதியம் எனக்குத் தெரியும்.

இதிலே ஒரு வேடிக்கை.
என் இழுப்பறைச் செயலியும்
மின்சாரம் பட்ட முதல் கணங்களில்
எழுபத்தெட்டாம் ஆண்டின் சில்லாகத்தான் கண்விழிக்கிறது.
அந்தப் பழைய சொற்களை ஒப்பித்துவிட்டே
தன் வயதுக்கு வந்து சேர்கிறது.
புதியது பழையதைச் சுமக்கும்.
பழையது எதைச் சுமக்கும், இன்னும் வராததையா?

ஆகவே வேறு வழி.
நிரலின் மூலத்தை இறக்கினேன்.
ஒரே ஒரு வரி: எட்டு வேண்டாம், நான்கு போதும்.
முழுவதையும் மறுபடி கட்டச் சொன்னேன்.
விசிறி ஊளையிட்டது.
மூன்று தேநீர். எதிர்க்கரைக் கோட்டையில் விளக்கு.
எல்லைப் பாலத்தில் பெட்டிகளோடு
ஒரு வரிசை அசையாமல் நின்றது.

முடிந்ததும் தைசியாவைத் தொலைபேசியில் அழைத்து
ஒலிவாங்கி அருகே வைத்தோம்.
அவள் பேசினாள். எனக்குக் கேட்டது.
திரை வெறுமை.
ஒன்று. இரண்டு. மூன்று.
ஆறாவது நொடியில் முதல் சொல்,
ஈரச் சுவரில் நத்தைபோல.

ஹெல்டுர் வாய்விட்டுப் படித்தார்:
"கம்பு ரொட்டி. வெள்ளை வேண்டாம்
என்று எத்தனை முறை சொல்வது."

அவர் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள்
அவள் வைத்துவிட்டிருந்தாள்.

என்னைப் பார்த்தார்.
"இலையுதிர்காலத்திலிருந்து
வெள்ளைதான் வாங்கிப் போகிறேன்" என்றார்,
முதல் தடவையாக மெதுவாக.

பிறகு கயிற்றை எடுத்து
கணினியை வண்டியில் கட்டத் தொடங்கினார்.
ரொட்டிக்கடை ஏழு மணிக்கு மூடும்.