வாய் எங்கே

கடியப்பட்டணத்திலிருந்து போன என் மச்சான் சிலுவைப்பிச்சை
ரங்கூனில் பெயிண்ட் அடித்தான்.
சீனத்துக்காகப் பறக்க வந்த அமெரிக்கப் பையன்கள்
விமான மூக்கில் சுறா வாய் கேட்டார்களாம்.

"சுறாவுக்கு வாய் அடியிலயாக்கும், சாயிப்பே."
சிரித்தார்கள்.
எதிரி பார்க்கிற பக்கம் வரை என்றார்கள்.
வரைந்தான்.
பல்லை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை:
நம்ம கடல் பல்,
வரிசை பிசகி, உள்ளே மடங்கி.

ஒரு ஜப்பான் விமானம் விழுந்தால் ஐந்நூறு டாலராம்,
அதையும் எழுதியிருந்தான்.
ஈரல் எண்ணெய்க் கம்பெனி
இங்கே சுறாவுக்கு என்ன தருகிறது என்று
நான் பதில் போட்டேன்.
யார் ஊருக்கோ சாக வந்தவனுக்கும்
ஒரு ரேட்டு உண்டென்பதில்
எனக்கென்னவோ ஆசுவாசம்.

மாசியில் ரங்கூன் விழுந்தது.
அரக்கான் வழி நடந்தே வந்தவர்களை
நாகர்கோவில் வரை போய் விசாரித்தேன்.
ஒருத்தன் அந்தப் பல்லைப் பார்த்திருக்கிறான்,
மேகத்துக்குள் போகும்போது.
வரைந்தவனைப் பார்க்கவில்லை.

இன்று மடியில் ஒரு கொம்பன் சுறா.
ஈரல் எடுக்க
நாலுபேர் சேர்ந்து புரட்டினோம்.
வாய் அடியில்தான் இருந்தது.
மணலை அப்பிக்கொண்டு
இப்போது அது
வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது.
கத்தியை எடு என்கிறார்கள்.