உகந்த காலம்

எங்கள் அடுக்ககத்தில் யாருக்குக் கடற்கரை ஆசை வந்தாலும்
முதலில் என் வீட்டு மணியைத்தான் அடிக்கிறார்கள்.
லோதி சாலை வானிலை அலுவலகத்தில் வேலை என்பதால்
கடல் என் கைப்பையில் இருப்பதாக நினைப்பு.

மேல்வீட்டு சபர்வால், மகனின் தேனிலவுக்காக:
"கோவா எப்போது நன்றாக இருக்கும், மேடம்?"
டிசம்பர் என்றேன்.
"கூட்டமாக இருக்குமே?"
அப்படியானால் பிப்ரவரி.
"கல்யாணமே ஏப்ரலில்தான்."
ஏப்ரலிலேயே போகட்டும், வியர்த்தால் என்ன,
புதுசுதானே என்றேன்.
சிரித்துக்கொண்டே படியேறிப் போனார்.

நான் பிறந்தது அரூரில்.
கடல் எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டால்
சேலம் பஸ் நிற்கும் பக்கம் கைகாட்டுவோம்.
வேலைக்கு வந்த பிறகும்
நான் பார்த்த கடல் கணினித் திரையில் இருப்பது:
நீலத்தின் மேல் அம்புகள்,
வாலில் எத்தனை இறகோ அத்தனை வேகம்.
பதினான்கு வருடமாக ஒரே வாக்கியத்தை எழுதுகிறேன்.
கடல் கொந்தளிப்புடன் காணப்படும்,
மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம்.
தேதி மாறும், வட்டாரம் மாறும்.

தீர்த்தகிரி பள்ளியில் கணக்கு வாத்தியார்.
கடல் சொன்னபடி கிடக்கும் பிப்ரவரி, மார்ச்சில்
அவருக்குப் பொதுத்தேர்வு.
அவருக்கு விடுமுறை விடும் மே, ஜூனில்
பருவமழை கேரளத்தைத் தொட்டதா இல்லையா என்று
நாடே என் மேசைக்குப் போன் செய்கிறது.
அக்டோபரில் தசராவுக்குப் பத்து நாள் கிடைக்கும்,
வங்கக் கடலில் அப்போதுதான் ஏதோ ஒன்று
மெல்லச் சுழலத் தொடங்கி
பெயருக்காகக் காத்திருக்கும்.
ஆறு வருடம் காலண்டரில் பென்சிலால் வட்டமிட்டோம்,
ரப்பரால் அழித்தோம்.
போன வருடம் மார்ச் மாதத் தாள் ஓரிடத்தில் தேய்ந்தே போய்
ஏப்ரல் தெரிந்தது.

நவம்பர், இரண்டாம் வாரம்.
எதிர் அடுக்ககத்தைக் காணவில்லை.
காலை பத்து மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு
பஸ்கள் ஊர்ந்தன.
நறுமுகை மூன்றாவது இரவாக உட்கார்ந்தபடியே தூங்கினாள்;
முதுகில் கை வைத்தால்
உள்ளே யாரோ காகிதம் கசக்குவது கேட்டது.
புகையால் பள்ளிகள் மூடல் என்று கைபேசி சொன்னபோது
தீர்த்தகிரி காலண்டர் பக்கம் திரும்பவே இல்லை.
பரணிலிருந்து பெட்டியை இறக்கினார்.

இப்போதா? என்றேன்.
வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு.
காலையில் நானேதான் எழுதி அனுப்பினேன்.
"மீனவர்கள்தானே போகக் கூடாது?" என்றார்,
பெட்டியின் தூசியைத் துடைத்துக்கொண்டே.

யமுனைப் பாலத்தில் ரயில் ஓசை மாறியது,
நதி தெரியவில்லை.

புரியில் சிவப்புக் கொடி.
ஒருவரையும் நனைய விடாமல் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள்.
மழைக்குப் படுதா போர்த்திய ஒட்டகம் ஒன்று
யாரையும் சுமக்காமல் நின்றது.
என் வாக்கியம் கண்ணெதிரே எழுந்து
உடைந்து, மறுபடி எழுந்தது.
கொந்தளிப்பு என்பதற்கு இவ்வளவு சத்தம் உண்டென்று
அலுவலகத்தில் யாரும் சொன்னதில்லை.
மூக்குக்கண்ணாடியில் உப்பு. துடைக்கத் துடைக்க உப்பு.
நறுமுகை முகக்கவசத்தைக் கழற்றி
உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து
என் கையில் கொடுத்தாள்.
பிறகு வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.
மூன்று நாளும் அதைத்தான் செய்தோம்.
கால்கூட நனைக்கவில்லை.

திரும்பிய அன்று படியில் சபர்வால்,
கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, இருமல் ஓயக் காத்திருந்து,
"சீசன் எப்படி இருந்தது, மேடம்?" என்றார்.

மோசம் என்றேன்.
இரண்டு படி ஏறி, திரும்பி,
நாளைக்கே கிளம்புங்கள் என்றேன்.