கோட்டாற்றிலிருந்து மூன்று குப்பி

புனித வாரத்துச் செவ்வாய்க்கிழமை
கோட்டாற்றில் ஆயர் மந்திரித்துத் தந்த
மூன்று குப்பி எண்ணெயையும்
மஞ்சள் துணிப்பையில் போட்டு
மடியில் வைத்தபடி
குளச்சல் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன்.
ஒன்று ஞானஸ்நானத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு,
ஒன்று பாயில் கிடப்பவர்களுக்கு,
மூன்றாவது பரிமளம் கலந்த கிறிஸ்மா.

கோயில்பிள்ளை வேலையில் இருபத்தியோரு வருஷம்.
ஞாயிறு மறைக்கல்வியில் நானேதான் கேட்பேன்:
மெசியா என்றால்?
ஒரே மூச்சில் வரும் பதில்:
அருட்பொழிவு பெற்றவர்.
அருட்பொழிவு என்றால்?
பிள்ளைகள் மின்விசிறியைப் பார்ப்பார்கள்.
எண்ணெய், மக்களே, எண்ணெய்.
தலையில் எண்ணெய் வழிய நிற்கிற ஆள்.
அவ்வளவுதான் அந்தப் பெரிய சொல்.

பக்கத்தில் தெக்கிளாள்.
எங்கள் பங்குதான்,
கடலரிப்பில் பாதித் திண்டு போன கடைசி வீடு.
வடசேரிச் சந்தையில் சாளை விற்றுத் தீர்த்த சருவம்
அவள் காலுக்கிடையில்.
சுங்கான்கடை வளைவில் பை சரிந்தது.
அவள்தான் எட்டிப் பிடித்தாள்.
மூடி தளர்ந்து
கிறிஸ்மா அவள் உள்ளங்கை நிறைய.
நான் வாய் திறக்குமுன்,
கையில் மிஞ்சிய எண்ணெயை
நம் பெண்கள் என்ன செய்வார்களோ
அதையே செய்தாள்:
உச்சியில் வைத்துத் தேய்த்தாள்,
மீதியைக் காதோரம்.
"தேங்கெண்ணெ இல்லியே இது" என்றாள்.

தாவீதுக்கு ஒரு கொம்பு நிறைய வார்த்தார்கள்.
நாசரேத்தூர்க்காரருக்கு
எந்தக் குருவும் எடுத்து வரவில்லை.
ஒரு பெண்,
பேர்கூட எழுதி வைக்கவில்லை,
பந்தி நடுவே வந்து
குப்பியை உடைத்துத் தலையில் ஊற்றினாள்.
வீண் செலவு என்றார்கள்.
என் அடக்கத்துக்கு என்றார் அவர்.
குதிரையில் வரும் அரசனுக்குக் காத்திருந்தவர்களுக்கு
கல்லறைக்கென்று எண்ணெய் பூசின ஒருவர்.

பரசேரி வருமுன்
முன்சீட்டுக்காரர் மூக்கைப் பொத்தினார்.
யாரோ கண்டக்டரைக் கூப்பிட்டார்கள்.
விசில்.
"சருவத்த எடுத்துட்டு எறங்கு."
"டிக்கெட் எடுத்தாச்சு பிள்ளே."
"நாத்தம் தாங்கல, எறங்குன்னா எறங்கு."
பேருந்து முழுக்க அப்போது
ஆயர் மந்திரித்த பரிமளம்.
ஒருவருக்கும் மணக்கவில்லை.
எனக்கும்,
உண்மையைச் சொன்னால்,
மீன்தான் மணத்தது.

நான் எழுந்திருக்கவில்லை.
மடியில் பரிசுத்த எண்ணெய் இருக்கிறதே,
நல்ல சாக்கு.
அவள் எழுந்தபோது
இருக்கை துள்ளி மேலே வந்தது,
இரண்டு பேர் எழுந்தால்
வருகிற அளவுக்கு.
கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தேன்:
வெயில், தார்ச்சாலை, தலையில் சருவம்.
குளச்சல் வரை
நானும் மூன்று குப்பிகளும்
பத்திரமாக வந்து சேர்ந்தோம்.

சாமியார் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"ரெண்டு விரக்கடை குறையுதே?"
"மூடி சரியில்ல சாமி."

வெள்ளிக்கிழமை பிற்பகல்
சிலுவையை நான்தான் தாங்கி நின்றேன்.
ஒவ்வொருவர் முத்தியபின்னும்
பாதத்தைத் துணியால் துடைக்க வேண்டும்,
அது என் வேலை.
வரிசையில் தெக்கிளாள் வந்தாள்.
வந்தவள் என்னைப் பார்க்கவில்லை.
குனிந்தாள்.
எண்ணெய் காயாத அந்த உச்சி
ஆணி அடித்த இடத்தில் பட்டு நிமிர்ந்தது.

துணி கையில் இருந்தது.
அடுத்த ஆள் காத்து நின்றார்.
நான் துடைக்கவில்லை.